யாளியும் நூலும்

விலை கூடின, வேலைப்பாடு மிகுந்த வாத்தியம் நல்ல நாதம் தருமா? தஞ்சாவூர் ஆசாரியிடம் கேட்டால் சிரிப்பார். வித்வானிடம் கேட்டால் கோபம் வரும். கடைக்காரரோ இன்னும் விலை கூடினதாக ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார். மார்கழி மாதம் நம் தினசரிகளில் சங்கீத விமர்சனம் என்ற பெயரில் நடக்கிற காரியத்துக்கு இந்தக் கேள்வி எட்டியதே இல்லை. அங்கே வீணையின் 'சுநாதம்' என்பது வாசிப்பவரின் பட்டுப் புடவையைப் போல ஒரு அரை வரியில் முடிந்துபோகிற சமாசாரம்.

நான் இருப்பது பட்டினப்பாக்கத்தில். இங்கே கடல் காற்று எந்த வாத்தியத்தின் விலையையும் விசாரிப்பதில்லை; எஃகுத் தந்தி எதுவானாலும் சில வாரங்களில் துரு ஏற்றிவிடுகிறது. சாந்தோம் நெடுஞ்சாலை, கச்சேரி ரோடு என்று மேற்கே அரை மணி நேரம் நடந்தால் மயிலாப்பூர் குளம். இந்த அரை மணி நடைக்குள் வாத்தியம் பற்றிய இரண்டு சித்தாந்தங்கள் இருக்கின்றன. சீனிவாசபுரத்தில் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவருக்குக் கையில் கிடைத்தது வாத்தியம். தபலா இருந்தால் தபலா, இல்லாவிட்டால் தகர டப்பா. குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் வாத்தியம் என்றால் வீணை. அதுவும் பல வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள், தந்தி தளர்ந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன் கடைசியாக வாசிக்கப்பட்ட கீர்த்தனையோடு நின்றுபோய் இருக்கும். நவராத்திரிக்கு வெளியே வந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகும். அந்த வீணை அநேகமாக நல்ல விலை கொடுத்து வாங்கினதாக இருக்கும்.

அந்த விலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மரம் பலா, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போகிற பலா. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. பின்னதற்கு விலை மிகவும் கூடுதல். அதற்கு மேல் யாளியின் பல்லும் கண்ணும், அதன் மேல் பொன் வண்ணம், தண்டியின் ஓரங்களில் கொடி, பலகையின் விளிம்பில் பூ. முன்பு இந்த இடங்களில் தந்தமும் மான் கொம்பும் பதித்தார்கள். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986ல் அதற்கு வந்த திருத்தமும் அந்தப் பழக்கத்தை முடித்துவைத்தன. இன்று பதிப்பது பிளாஸ்டிக் தகடு. அதில் கோடு கீறி வண்ணம் நிரப்புகிறார்கள். தந்தம் போய் பிளாஸ்டிக் வந்ததில் வீணையின் நாதம் கெட்டுவிட்டது என்று எந்த வித்வானும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. இதை முதல் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.

நாதம் எங்கே உண்டாகிறது? தந்தி அதிர்கிறது, குதிரை அந்த அதிர்வை வாங்கிக் குடத்தின் மேல் மூடியிருக்கிற பலகைக்குக் கொடுக்கிறது, பலகை காற்றை அசைக்கிறது. யாளி இந்தப் பாதையில் எங்கும் இல்லை. அது தண்டியின் கோடியில், பிரடைகளையும் தாண்டி, தரையைப் பார்த்தபடி இருக்கிறது. இடது தொடைமேல் படிகிற சுரைக்காய் பெரும்பாலும் வீணையைத் தாங்குவதற்கே. இன்று அது காகிதக் கூழில் செய்ததாகவும் இருக்கலாம், யாரும் கவலைப்படுவதில்லை. குதிரைதான் பெரிய காரியம் பண்ணுகிறது. மரக் குதிரை, அதன் தலையில் ஒரு உலோகத் தகடு, அந்தத் தகட்டுக்குக் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வளைவு. சி. வி. ராமன் 1921ல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இந்த வளைவைப் பற்றியது. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரில் வழங்கும் விதி. வீணையும் தம்பூராவும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்றும், அதற்குக் காரணம் வளைந்த அகலமான குதிரையின்மேல் தந்தி உரசி உரசி விலகுவதுதான் என்றும் ராமன் கண்டார். ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு வேறு விஷயத்துக்குக் கிடைத்தது. நாமும் அந்த வேறு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். தகட்டின் அந்த வளைவு உலோகச் செலவில் சில ரூபாய் பெறாது. அரத்தைப் பிடித்த கையும், நடுநடுவே கேட்டுப் பார்க்கிற காதும்தான் அதன் விலை.

தம்பூராவில் இது இன்னும் வெட்டவெளிச்சம். எவ்வளவு உயர்ந்த தஞ்சாவூர்த் தம்பூராவானாலும், தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டுப் பருத்தி நூல் இல்லாவிட்டால் அது பிணம். அந்த நூலுக்கு ஜீவா என்று பேர் வைத்தவன் யாரோ, அவன் நம் சங்கீத விமர்சகர்கள் எல்லோரையும் விடப் பெரியவன். நூலை மயிரிழை முன்னே தள்ளினால் சப்பென்று இருக்கும். மயிரிழை பின்னே இழுத்தால் இரையும். நடுவில் ஒரு இடத்தில் சுருதி பூக்கும். கச்சேரி தொடங்குமுன் பாடகர் தம்பூராவின்மேல் குனிந்து என்னவோ நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முன் வரிசைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அன்று சாயங்காலம் நடக்கப்போகிற சங்கீதத்தில் பாதி அந்த நோண்டலில் தீர்மானமாகிறது. மிருதங்கக்காரர் தொப்பியில் அப்புகிற ரவையும் இந்த ஜாதிதான். சமையலறையிலிருந்து ஒரு பிடி ரவை வராவிட்டால் இடந்தலைக்குக் குரல் இல்லை. மானாமதுரைக் கடத்தின்மேல் ஒரு பூ கிடையாது.

நம்முடையது தெய்வீக வாத்தியம், இதற்கெல்லாம் அளவுகோல் வேறு என்பார்கள். சரி, தெய்வீகத்துக்கு யாரும் உரிமை கொண்டாடாத கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனியின் டி-28 என்றும் டி-45 என்றும் இரண்டு ரகங்கள். உடலின் அளவு ஒன்று. முகப்பலகை இரண்டிலும் ஸ்ப்ரூஸ். முதுகும் விலாவும் இரண்டிலும் ஈட்டி மரம். டி-45ல் சிப்பி பதித்திருக்கிறது. பலகையைச் சுற்றி, ஒலித்துளையைச் சுற்றி, கழுத்து நெடுக. முதலில் இதை 1933ல் ஜீன் ஆட்ரி என்ற சினிமாப் பாடகருக்காகச் செய்தார்கள். விலை வித்தியாசம் மூன்று மடங்குக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி சிப்பிக்கும் சிப்பி பதித்த விரல்களுக்கும் போகிறது. அந்த விரல்களின்மேல் எனக்கு மரியாதை உண்டு. காதுக்கு மட்டும் அவற்றிடம் ஜோலி இல்லை.

மரத்தின் பெருமைக்கும் இதே கதிதான். நம் நீலகிரியிலும் குடகிலும் வளர்கிற ஈட்டிக்கும் பிரேசில் ஈட்டிக்கும் கிட்டார் உலகத்தில் உள்ள மகிமை சொல்லி முடியாது. 2018ல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே கைவினைஞர், ஒரே அமைப்பில் ஆறு கிட்டார்கள்; முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ஈட்டி முதல் சாதாரண மரம் வரை. ஐம்பத்திரண்டு வாத்தியக்காரர்களை வெல்டிங் கண்ணாடி மாட்டி மங்கலான வெளிச்சத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதற்கு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே, 1862ல், இன்றைய கிட்டாரின் உருவத்தைத் தீர்மானித்த அந்தோனியோ தெ தோரெஸ் முதுகையும் விலாவையும் வெறும் காகித அட்டையில் செய்து, முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் பண்ணினார். அது இன்று பார்சிலோனா மியூசியத்தில் இருக்கிறது. வயலின் கதை தெரிந்ததே: 2010ல் இண்டியானாபொலிஸில், கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்த இருபத்தொரு பேரில் பெரும்பாலோருக்கு ஸ்ட்ராடிவேரியஸைவிடப் புது வயலின்கள் பிடித்துப்போயின.

அப்படியானால் விலை பொருட்டே இல்லை என்று ஒரு பாமர உற்சாகம் கிளம்பும். அதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பட்டினப்பாக்கம் மணலில் சாயங்காலம் பையன்கள் வைத்துக்கொண்டிருக்கிற கிட்டார் ஒட்டுப்பலகையில் செய்தது. முகப்பலகை அசையாது, தந்தி விரலை அறுக்கிற உயரத்தில் நிற்கும், மூன்றாம் கட்டையில் சரியாக இருக்கிற சுருதி பத்தாம் கட்டையில் ஓடிப்போயிருக்கும். ஒரு பையன் பாட்டில் பிழை செய்கிறானா வாத்தியம் செய்கிறதா என்று அவனுக்கே தெரியாமல் இரண்டு வருஷம் போய்விடும். பிறகு தனக்குக் காது இல்லை என்று முடிவு கட்டி அதைப் பரணில் போட்டுவிடுவான். இந்த அநியாயத்தைப் பணம் ஓரளவு தீர்க்கும். கெட்டி மரத்தில் முகப்பலகை, காய்ந்து பக்குவப்பட்ட மரம், சரியான இடத்தில் அடித்த கட்டைகள், பொறுமையாக இறக்கிவைத்த குதிரை, இவற்றுக்கு விலை உண்டு. கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏழ்மையில் நாதம் இருக்கிறது என்று வசதியுள்ளவர்கள் பேசுவது எனக்குச் சகிக்காது. ஆனால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கொடுக்கிற பணமெல்லாம் யாளிக்குத் தீனி.

ஏகாண்ட வீணையைப் பற்றிச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஒட்டு இல்லாத மரத்தில் நாதம் தடையின்றி ஓடுகிறது என்பது அவர்கள் வாதம். நாதம் தண்ணீரைப் போலக் குழாயில் ஓடுகிறது என்ற கற்பனையிலிருந்து வருகிறது இது. குதிரையும் பலகையும் குடத்தின்மேல் இருக்கின்றன. ஒட்டு அவற்றுக்கு அப்பால், குடத்தின் கழுத்தில். ஒட்டைத் தளர்வாக விட்டால் கெடுதல்தான். இறுக்கமாகச் சேர்த்த ஒட்டு என்ன கெடுதல் செய்கிறது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். அதோடு, இன்று சபாக்களில் ஏகாண்ட வீணைகூடக் குதிரைக்கருகில் ஒட்டின காண்டாக்ட் மைக் வழியாகவோ, தந்திக்குக் கீழே வைத்த காந்தப் பிக்கப் வழியாகவோதான் பேசுகிறது. காந்தம் எஃகுத் தந்தியின் அசைவை மட்டும் அறியும். அதற்குப் பலாவும் தெரியாது, பண்ருட்டியும் தெரியாது. அதன் பிறகு மிக்ஸர்காரர் தன் ரசனைக்குத் தக்கபடி ஒரு குமிழைத் திருகுகிறார். கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் மரத்தின் நாதத்தை மெச்சுகிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசித்ததைக் கேட்டவர்கள் எழுதியிருப்பதில் நான் கவனிப்பது ஒன்றுதான். சின்ன அறை, கொஞ்சம் பேர், அசைந்தால்கூடத் தவறு என்கிற அமைதி, மிஸ்ராப் இல்லாத விரல். 1938ல் அவர் காலமாவதற்குச் சில வருஷங்கள் முன்பு பதிவான இசைத்தட்டுகளில் இரைச்சலுக்கு நடுவே அந்த ஒலி சன்னமாக வருகிறது. சன்னமாக இருப்பதாலேயே நம்மை அருகில் இழுக்கிறது. அந்த அறையின் நிசப்தத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

எதிர்வாதங்களில் ஒன்றைத்தான் நான் மதிக்கிறேன். அழகான வீணையை எடுத்து மடியில் சாய்த்ததும் வாசிப்பவரின் மனம் மாறுகிறது, மனம் மாறினால் விரல் மாறுகிறது, விரல் மாறினால் நாதம் மாறுகிறது. இது உண்மை. கண் காதுக்குள் நுழைந்து வேலை செய்கிறது என்பதைத்தான் வெல்டிங் கண்ணாடிச் சோதனைகளும் மறைமுகமாகச் சொல்கின்றன. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் வித்வான்கள் மரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுத் தங்கள் மனதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்துக்கு அவர்கள் தயாராக இல்லை. மேலும், தம் விரலை விழிக்க வைக்க யாளியின் பொற்பல் வேண்டியிருக்கிற ஒருவரிடமிருந்து என்ன மாதிரி தோடி வரும் என்பது தனிக் கேள்வி.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் திருப்தியாகத் தலையசைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அலங்காரம் போலி, வெறுமை மெய் என்பது நாம் மனப்பாடம் செய்த பாடம். அடால்ஃப் லோஸ் வியன்னாவில் அலங்காரத்தைக் குற்றம் என்று சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சி. சு. செல்லப்பா 1959ல் தொடங்கிய 'எழுத்து' அலங்காரம் இல்லாமல் வந்ததற்கு அவருடைய வறுமை ஒரு காரணம், பிடிவாதம் ஒரு காரணம். பின்னால் வந்தவர்களில் சிலர் வறுமையும் பிடிவாதமும் இல்லாமல் வெறுமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மட்டமான தாளில் மங்கலாக அச்சடித்தால் கவிதை அசலாகிவிடும் என்று ஒரு காலத்தில் நாம் நம்பவே செய்தோம். இன்று கெட்டி அட்டையில், நூல் தையலில், பட்டு நாடா வைத்துக் கவிதைத் தொகுதிகள் வருகின்றன. அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கவிதையும் கனமாக இருப்பதாகச் சொல்கிறவர்களும் நம்மவர்களே. இரண்டிலும் ஒரே கோளாறு: அட்டையைப் படிப்பது.

வெறுமையும் அலங்காரமாகிவிடக் கூடியதுதான். 1995ல் டெய்லர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பாப் டெய்லர், மரத்தைவிடக் கைதான் முக்கியம் என்று காட்டுவதற்காக, சரக்கு ஏற்றுகிற பழைய பலகைச் சட்டத்தைப் பிரித்து ஒரு கிட்டார் செய்தார். நல்ல காரியம். அதில் ஆணி அடித்த துளைகளை மறைக்காமல் அலுமினியப் பொட்டு வைத்து எடுத்துக் காட்டினார்; கழுத்தில் சரக்குத் தூக்கும் வண்டியின் உருவத்தைப் பதித்தார். பிற்பாடு அதே மாதிரியில் குறைந்த எண்ணிக்கையில் செய்து சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். ஏழ்மைக்கும் ஒரு யாளி முகம் வந்து சேர்ந்துவிட்டது.

அதைவிட முக்கியமான ஒன்று. அலங்காரத்தை ஒட்டுமொத்தமாக ஒதுக்குகிறவன் கர்நாடக சங்கீதத்தைக் கேட்க முடியாது. கமகத்தை மேல்நாட்டுப் புத்தகங்கள் அலங்காரம் என்றே மொழிபெயர்க்கின்றன. தோடியின் காந்தாரத்திலிருந்து அசைவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காந்தாரமும் இல்லை, தோடியும் இல்லை. இங்கே சுரத்தின் உடம்பே அந்த அசைவு. வீணையில் அது எப்படி வருகிறது? மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதால். எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிடித்தாரே, அந்தச் சுரங்கள் நின்றது அந்த மெட்டின் அடியில் உள்ள மெழுகுக் கட்டின்மேல். (சினிமாவில் 1954ல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவரும் இவர்தான். எதை விட வேண்டும், எதை விடக்கூடாது என்று இவருக்குத் தெரிந்திருந்தது.)

மெழுகுக் கட்டுதான் நான் வந்து சேர விரும்பின இடம். தண்டியின் இரண்டு விளிம்புகளிலும் தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்து உருக்கின கறுப்பு மெழுகை வரம்பாகப் போட்டு, இருபத்துநான்கு மெட்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். அதற்கு எந்தக் கருவியும் அளவு சொல்லாது. தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, மெட்டை நெல் முனை அளவு நகர்த்தி, மறுபடி கேட்டு, மெழுகை அழுத்துகிறார். ஒரு மெட்டு உயர்ந்தால் பக்கத்து மெட்டில் தந்தி இரையும். வெயில் காலத்தில் மெழுகு இளகும், மெட்டு சாயும், சில வருஷத்துக்கு ஒரு முறை முழுவதையும் பெயர்த்து மறுபடி கட்ட வேண்டும். வீணை சரியாகப் பேசுகிறதா என்பதை இந்த மனிதரின் காது தீர்மானிக்கிறது. வீணை வாங்குகிறவர் கொடுக்கிற பணத்தில் இவருக்குப் போவது மிகச் சின்னப் பங்கு. யாளிக்கு வாய் நிறையக் கொடுப்பவர்கள் மேளம் கட்டுகிற கூலியில் பேரம் பேசுவார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்தது. எந்த வீணையிலும் மேளம் கட்டினவர் பெயரை நான் பார்த்ததில்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார்; வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. அந்த மறுப்பே புத்தகத்துக்கு ஒரு பின்னுரை.

அலங்கார வேலைக்குக் காசு கிடைக்கிறது, காதின் வேலைக்குக் கிடைப்பதில்லை என்றால், ஆசாரி தன் மகனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்? ஏகாண்டம் என்கிற பேச்சும், பொன் வண்ணமும், தகட்டில் கீறின பூவும் ரசிகர்களுடைய அப்பாவித்தனம் என்று விட்டுவிட முடியாதது இதனால்தான். அடுத்த தலைமுறையில் மேளம் கட்டத் தெரிந்த காது இல்லாமல் போவதற்கு நாம் கொடுக்கிற முன்பணம் அது.

மயிலாப்பூரில் ஏதாவது ஒரு சபாவுக்குத் தைரியம் இருந்தால் ஒன்று செய்து பார்க்கலாம். மேடையில் திரையை இறக்கிவிட வேண்டும். திரைக்குப் பின்னால் மூன்று வீணைகள்: எல்லா வேலைப்பாடும் உள்ள ஏகாண்டம் ஒன்று, ஒரு பூகூட இல்லாத ஒட்டு வீணை ஒன்று, அலமாரியிலிருந்து எடுத்துப் புதிதாக மேளம் கட்டின பழையது ஒன்று. மூன்றிலும் ஒரே மாதிரித் தந்தி, வாசிப்பவர் ஒருவரே, ராகம் ஒன்றே. சபையில் உள்ளவர்கள் எது எது என்று சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். விமர்சகர்களின் சீட்டில் பெயரும் இருக்க வேண்டும். மேளம் கட்டினவரை முன் வரிசையில், சபா காரியதரிசிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அவருக்கும் ஒரு சீட்டு. மைக் கூடாது. மின்விசிறிகளையும் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் வியர்ப்பதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.